கொஞ்சம் கீழே

லைப்ரரியம்மா நின்றுகொண்டே புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். பின்னால் நாற்காலி சும்மா கிடந்தது.

தினமும் செய்தித்தாள் படிக்க வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எதிரே இருந்தவர் எழுந்தார். சற்று நேரத்தில் வாசிப்பறை மொத்தமும் நின்றுகொண்டு படித்தது.

"எல்லாரும் ஏன் நிக்கிறீங்க?"

"நீங்க நிக்கிறீங்களேம்மா," என்றார் தபால்காரர் தாழ்ந்த குரலில். "யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. உட்காருங்க."

"அப்ப நீங்க?"

"நான் அப்புறம் உட்கார்றேன்."

அந்த அப்புறம் எப்போது வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாம் அந்த சைக்கிளால் வந்த வினை.

நீந்திக் கரையேறிய ஈரத்தோடு சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கிய காலோடு ஓட்டம். மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டி அது. "அண்ணிக்கு மேல் தட்டுப் புத்தகத்தை எடுக்கவே ஆள் வேணும்" என்று நாத்தனார் ஒரு நாள் சிரித்தாள். லைப்ரரியம்மா உள்ளே போய்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வாழ்க்கையில் அவள் தானாகப் பெயர் கொடுத்த காரியம் அது ஒன்றுதான். கல்யாணத்துக்குக்கூட அப்பாதான் கொடுத்தார்.

பயிற்சியில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. நீச்சல் கண்ணாடி, தலைக்கவசம், மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் டிரவுசர் எல்லாம் வாங்கினாள். நீச்சல் வந்தது. ஓட்டமும் வந்தது. சைக்கிளில் உட்கார்ந்தால் மட்டும் உயிர் போனது. கட்டாந்தரையில் உட்கார்ந்தவளைப் போல் தொடங்கி, முள்ளில் உட்கார்ந்தவளாக வீடு திரும்பினாள்.

சாயங்காலம் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"எங்கம்மா வலிக்குது?" என்றார் கடைக்காரர்.

"கொஞ்சம்... கீழே."

"முழங்காலா?"

"அதுக்கு மேல."

"அப்ப இடுப்பு."

"அதுக்குக் கீழே."

கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு, "சீட்டை மாத்திடுவோம்" என்றார்.

தலையணை மாதிரி அகலமான சீட் வந்தது. அதில் அவளுடைய தொடைகள் இரண்டும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் போல நாள் முழுக்க உரசிக்கொண்டன.

"நடுவுல பள்ளம் வச்சது இருக்கும்மா. பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது," என்று கூரையிடம் சொன்னார் கடைக்காரர். அதையும் மாட்டினாள். பள்ளத்தில் வலிக்கவில்லை. அதன் இரண்டு கரையிலும் வலித்தது.

மூன்றாவது சீட்டுக்கு மூக்கே இல்லை. இறக்கத்தில் அவள் வழுக்கிக்கொண்டே முன்னால் போய், கைப்பிடியைக் கட்டிப்பிடித்தபடி பக்கத்து வீட்டு வேலியில் போய் நின்றாள்.

ஒவ்வொரு முறையும் அவள் பணத்தை நீட்டினாள். அவர் பின்வாங்கினார். "வேண்டாம்மா. பழையதைக் கொடுத்துட்டுப் போங்க, போதும்."

"இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷன்!" என்று கணவரிடம் சொன்னாள்.

இன்னொருவரைப் புகழ்ந்தால் கணவருக்குப் பொறுக்காது. "நம்ம வீட்டுல இல்லாத மெத்தையா?" என்று சோபாவின் அடியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சை அறுத்து, சீட்டின் மேல் வைத்து, மழைக்குப் பாதுகாப்பாகப் பாலிதீன் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலைப் பயிற்சியில் அந்த சீட் பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சத்தம். மேட்டில் நீளமாக, பள்ளத்தில் குட்டையாக. பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இடைவெளி விட்டார்கள். ஒருத்தி மட்டும் வேகமாகப் பக்கத்தில் வந்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாகப் போய்விட்டாள்.

அன்று மாலை நாத்தனார் வந்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். பாதி உள்ளே போய்விட்டாள்.

"ஐயோ! என்னண்ணா ஆச்சு சோபாவுக்கு?"

"அது கொஞ்சம் மெலிஞ்சுடுச்சு," என்றார் கணவர்.

"அண்ணி ஏன் நிக்கிறாங்க?"

"உன் மேல மரியாதை."

"என் மேலயா? அண்ணி, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று பதறினாள் நாத்தனார். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "ஞாயித்துக்கிழமை போட்டியைப் பார்க்க நாங்க எல்லாரும் வர்றோம். என் மாமியார்கூட வர்றாங்க. நீங்க நடுவுல இறங்கிட்டாலும் கவலைப்படாதீங்க அண்ணி, கூட்டிட்டு வர வண்டி இருக்கு."

அந்த வண்டியில் தான் ஏறுவதையும், நாத்தனாரின் மாமியார் நகர்ந்து இடம் கொடுப்பதையும், அந்த இடத்திலும் தன்னால் உட்கார முடியாததையும் லைப்ரரியம்மா நினைத்துப் பார்த்தாள். இரவு குப்புறப் படுத்து அழுதாள். மல்லாந்து படுத்து அழ வழியில்லை.

வெள்ளிக்கிழமை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"வாங்கம்மா, புதுசா ஒரு சீட் வந்திருக்கு..."

"சீட் வேண்டாம். சைக்கிளையே எடுத்துக்கோங்க. நான் போட்டிக்குப் போகல."

"ஏம்மா?"

"கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள். வழக்கமான அடுத்த சொல் வரவில்லை. சத்தம் போடாதீர்கள் என்ற பலகைக்கு அடியிலேயே வயதைக் கழித்தவள், தெருமுனைவரை கேட்கும்படி கத்தினாள். "பின்பக்கம் பூரா தோல் உரிஞ்சு போச்சுங்க! உட்கார முடியல, படுக்க முடியல! நான் நின்னா யாரோ செத்துட்டாங்கன்னு ஊரே எழுந்து நிக்குது!"

காற்றடிக்க வந்திருந்த ஒருவர் காற்றடிக்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கடைக்காரர் வியர்த்துப்போய்க் கடையின் உள்பக்கம் திரும்பினார். "ஏய், கொஞ்சம் வெளிய வாயேன்! என்னால முடியாது. நீயே சொல்லிடு!"

ஈரக் கையைத் துடைத்தபடி அவர் மனைவி வந்தாள். லைப்ரரியம்மாவைப் பார்த்தாள். சுவரில் வரிசையாகத் தொங்கிய சீட்டுகளைப் பார்த்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த மெத்தை டிரவுசருக்குள்ள ஜட்டி போடக் கூடாதுக்கா, தையல் உரசித் தோல் போயிடும், இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு, நல்லா இருந்த சீட்டையெல்லாம் முதல் நாள்லேருந்து கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்காரு இந்த மனுஷன்!"