சிலிண்டருக்கு மாலை போட்டவர் பதில் சொல்லட்டும்

என் சின்ன சிலிண்டரின் பெல்ட்டைக் கழற்றியவர் முருகேசன் அத்தான்தான். ஒன்பது வருஷமாக இல்லை என்று சாதிக்கிறார். அக்கா புருஷனாயிற்றே என்று நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். (சரி, மூடவில்லை. ஆனால் எழுதி வைக்கவில்லை.) இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. புதுச்சேரியில் ஸ்கூபா சொல்லிக் கொடுக்கும் ஓர் இடத்தில் வேலை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போவதுதான் தொழில் என்று ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு விளக்கியிருக்கிறேன். "அங்க போயி என்னத்த எடுத்துட்டு வருவ?" என்று கேட்டார்கள். ஒன்றும் எடுக்க மாட்டோம், மீனைப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். அன்றோடு என் மரியாதை போயிற்று. அப்பா சேத்தூரில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்.

அந்த ஐப்பசி மழையில் சுந்தரபாண்டியத்தில் அத்தான் தோட்டத்துக் கிணற்றுக்குள் மோட்டார் விழுந்துவிட்டது. கிணறு முட்ட முட்டத் தண்ணீர். தண்ணீரை இறைத்துவிட்டு எடுக்கலாம் என்றால், இறைக்க வேண்டிய மோட்டார்தான் உள்ளே கிடக்கிறது. மூச்சுப்பிடித்து முங்கிய இரண்டு பேருக்கும் தரை எட்டவில்லை. நான் எடுக்கிறேன் என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, மோட்டார எடுத்துக் காட்டு. பொறவு நீ எங்க வேணும்னாலும் போ. எடுக்க ஏலலன்னா சேத்தூர்க்காரவியளுக்குச் சரின்னு சொல்லிரணும்."

"சரி" என்றேன். அந்த வயதில் எனக்கு யோசிக்கும் பழக்கம் கிடையாது.

முதலாளியிடம் கெஞ்சிச் சாமான்களை வரவழைத்தேன். பெரிய சிலிண்டர் முதுகுக்கு. அது கோளாறு செய்தால் மூச்சு விட ஒரு சின்ன சிலிண்டர். அதற்குத் தனிக் குழாய், வாயில் கவ்வத் தனி முனை. தனியாக இறங்குகிறவளுக்கு அதுதான் துணை. அதைப் பெரியதன் பக்கத்தில் வைத்து பெல்ட்டால் இறுக்கி, அதன் பூட்டைப் போட வேண்டும். பெல்ட்டை முதலில் நனைக்க வேண்டும். உலர்ந்த பெல்ட் தண்ணீருக்குள் நெகிழ்ந்துவிடும். நனைத்தேன். இறுக்கினேன். பிடித்து உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பிறகு நீச்சல் உடை மாற்ற மோட்டார் ரூமுக்குள் போனேன். அங்கேதான் தப்பு நடந்தது.

புதிதாக எந்த இயந்திரம் வந்தாலும் பூஜை போடாமல் அத்தானால் இருக்க முடியாது. டிராக்டருக்குப் போட்டார், மிக்ஸிக்கும் போட்டார். நான் வெளியே வந்தபோது இரண்டு சிலிண்டருக்கும் சந்தனம், குங்குமம். சின்னதுக்கு மட்டும் கூடுதலாக ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய செவ்வந்தி மாலை, அதன் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம். மாலை பெல்ட்டுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது.

"எதுக்கு அத்தான் இது?"

"ஒன் உசுருக்குத்தான். ஆமா, பெருசு ஒண்ணு இருக்கையில இந்தச் சின்னது எதுக்கு? தாயும் பிள்ளையுமா?"

கிணற்றைச் சுற்றி நின்ற ஊரே சிரித்தது. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. இறங்கும் முன் எல்லா பெல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் தினமும் சொல்லும் முதல் பாடம் அது. பார்க்கவில்லை. குதித்தேன். (இது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அத்தானும் இப்படி ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?)

மோட்டாரைத் தூக்கக் கிணற்று மேட்டில் நிறுத்தியிருந்த கிரேனின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அடிவரை போய்விட்டேன். மோட்டார் சேற்றில் சாய்ந்து கிடந்தது. கொக்கியை மாட்டக் குனிந்தேன். சின்ன சிலிண்டர் பெல்ட்டிலிருந்து நழுவி, குழாயில் தொங்கிக்கொண்டு என் முழங்காலில் இடித்தது. கூடவே மாலையின் நார் பாதி அறுந்து, எலுமிச்சம்பழமும் கொஞ்சம் பூவும் மேலே கிளம்பின. பெரிய சிலிண்டரில் காற்று தாராளமாக இருந்ததால் நான் பயப்படவில்லை. இரண்டு கையும் வேண்டுமே என்று சின்னதைக் கழற்றி, செத்த நேரத்துக்குக் கொக்கியில் மாட்டினேன்.

மாட்டிய வேகத்தில் சங்கிலி இரண்டு தரம் அசைந்தது. இரண்டு இழுப்பு இழுத்தால் தூக்க வேண்டும் என்று கிரேன்காரரிடம் நானேதான் சொல்லி வைத்திருந்தேன்.

மேலே நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். முதலில் எலுமிச்சம்பழம் மிதந்ததாம். அடுத்துப் பூ. அத்தான் "தூக்குங்கய்யா!" என்று கத்த, சங்கிலியும் அசைய, கிரேன் தூக்கியது. கொக்கியில் மிச்ச மாலையோடு சின்ன சிலிண்டர் மட்டும் தொங்கியது. நான் இல்லை.

தண்ணீரில் குமிழி வந்துகொண்டேதான் இருந்தது. ஒருவர் அதைக் காட்டி, "அந்தா பாரு, கடைசி மூச்சு" என்றாராம். என் கடைசி மூச்சு ஐந்து நிமிஷம் வந்திருக்கிறது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சங்கிலி போன பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? மெதுவாக மேலே வந்தேன். தலையை நீட்டியபோது அக்கா மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "நான் மாலை போட்ட நேரமா இப்புடி ஆகணும்" என்று அழுதுகொண்டிருந்தார். அப்பா மட்டும் அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றுப் படியில் இடுப்பளவுத் தண்ணீர் வரை இறங்கியிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

"எதுக்குத் தூக்குனீய?" என்று கத்தினேன்.

அப்பா என் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மோட்டார் எங்கட்டி?" என்றார்.

மறுபடி இறங்க யாரும் விடவில்லை. பெல்ட்டின் பூட்டைத் திறந்தேன். உள்ளே நசுங்கிய செவ்வந்தி இதழ். பூட்டைத் திறக்காமல் இதழ் அங்கே போகாது.

பந்தயத்தில் தோற்றேன். ஆனால் கல்யாணம் நடக்கவில்லை. கிணற்றுக்குள் செத்துப் பிழைத்த பெண் வேண்டாம் என்று சேத்தூர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நான் புதுச்சேரிக்குத் திரும்பிப் போனேன். இன்று சொந்தமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. மோட்டாரோடு மேலே வந்து, ஜெயித்துப் போயிருக்க வேண்டியவள் நான். அவர்கள் வேண்டாம் என்றதால் போனேன்.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் இலையில் யாராவது ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, "செல்வி மேல வந்துட்டா" என்கிறார்கள். முதலில் சிரிப்பவர் அத்தான்.

அடுத்த மாதம் அய்யனார் கோவிலில் அக்காவின் சின்ன மகளுக்குக் காது குத்து. சொந்தம் முழுக்க வரும். மைக்கும் இருக்கும். முருகேசன் அத்தான் அந்த மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: நான் உடை மாற்றப் போன நேரத்தில் அந்தப் பூட்டைத் திறந்தது யார்?