தாய்மாமன் வைத்த பேனர்

சேலையூர்,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

மரியாதைக்குரிய மச்சான் பொன்னுசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கை காந்திமதியின் புருஷன் கதிரேசன் எழுதிக்கொள்வது. இங்கு யாரும் நலமில்லை. கோயம்புத்தூரில் நீங்களும் நீங்கள் வாங்கப் போன லேத் மிஷினும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இனி உங்களோடு பேசுவதில்லை என்று இன்று காலை முடிவெடுத்துவிட்டதால் இதை எழுத வேண்டியதாயிற்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவீர்கள். அதனால்தான் காகிதம். திருமுடிவாக்கம் பட்டறை விலாசத்துக்குக் கூரியரில் வரும், உட்கார்ந்து படிக்கவும். ஒரு கண்ணைப் போன் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

என் மகள் எழிலுக்கு இன்று எப்படிப்பட்ட நாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் கையுறை மாட்டிக்கொண்டு ஏரியில் குப்பை பொறுக்கப் போன பெண், சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்காக நடக்கிற ‘மிஸ் கிரீன் ஹொரைசன்’ என்ற சர்வதேச அழகிப் போட்டியில் இந்தியாவின் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள். அழகிப் போட்டி என்று கேட்டதும் நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்ததும், பிறகு அவள் மேடையில் ஏரியைப் பற்றிப் பேசிய வீடியோவைப் பார்த்து அழுததும் ஊரறிந்த கதை. இந்தக் கடைசிச் சுற்று மேடையில் இல்லை, வீட்டில். மேடையில் பேசுகிறபடிதான் வீட்டிலும் வாழ்கிறாளா என்று நடுவர்கள் கேமராவோடு வந்து பார்ப்பார்கள். தேறுகிற ஒருத்திதான் உலகப் போட்டிக்கு விமானம் ஏறுவாள். தூக்கி எறிகிற பிளாஸ்டிக் கண்ணில் பட்டால் மார்க் போச்சு.

இதற்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பால் பாக்கெட்டை நிறுத்தி, ரயில்வே பார்சல் ஆபீசில் அத்தனை வருஷம் அதிகாரம் பண்ணிய நான் தூக்குச்சட்டியோடு மாட்டுக் கொட்டகை வாசலில் வரிசையில் நிற்கிறேன். கறிக்கடையில் எவர்சில்வர் டப்பாவை நீட்டினால், “சார் கறி வாங்க வந்தாரா, கல்யாண வூட்ல சாப்பாடு கட்டிக்கினு போக வந்தாரா?” என்று கேட்கிறான். மூங்கில் பிரஷில் பல் விளக்கி என் ஈறு புண்ணாகிவிட்டது. காந்திமதி பிரிட்ஜுக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்த கேரி பேக் மூட்டை, பக்கெட், மக்கு, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாவற்றையும் நேற்று பக்கத்து வீட்டு ரோஸி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். எழில் மட்டும், “ஒளிச்சு வெக்காதீங்கப்பா, இருக்கறது இருக்கட்டும்” என்றாள். நான் கேட்கவில்லை. பெற்றவனுக்குப் பயம் இருக்காதா?

இன்று விடியற்காலை நான் பாலுக்குப் போய்த் திரும்பினால், நம் தெருமுனையிலிருந்தே ஒரு பெரிய மூக்கு தெரிந்தது. கிட்டே வர வர அது என் மகளுடைய மூக்கு. வீட்டு வாசலில் பாதியை அடைத்து, மாடி உயரத்துக்குப் பளபளவென்று ஒரு பிளெக்ஸ் பேனர். ‘பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த பெருநெருப்பே! பூமித்தாயின் புதுமுகமே! வெற்றி வாகை சூடிவர வாழ்த்தும் தாய்மாமன் பொன்னுசாமி.’ மச்சான், அந்த வாசகத்தை எழுதிய கை அது எதன் மேல் எழுதுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? எழிலுக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸோடு நீங்கள், கீழே உங்கள் சம்சாரம், உங்கள் பிள்ளைகள், சம்பந்தி வீட்டார், பட்டறை ஆட்கள், கடைசியில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உங்கள் நாய் டைகர். அதில் என் படம் இல்லை. அது முக்கியமில்லை. விஷயம் அதுவல்ல.

உங்கள் பட்டறை மேஸ்திரி பிரிட்டோ டாடா ஏஸ் மேல் நின்றுகொண்டு பெருமையாகச் சிரித்தான். “கழட்டுப்பா, இப்பவே கழட்டு” என்று கத்தினேன்.

“கழட்ட முடியாது சார். வெல்டிங் வெச்சுட்டோம்.”

“பேனருக்கு எவனாவது வெல்டிங் வைப்பானா?”

“ஓனர் ஸ்ட்ரிக்ட்டா சொல்லிக்கிறாரு சார். போன தபா கயிறு கட்னோம், காத்துல பிச்சுகினு போய்ட்ச்சு. இந்த தபா புயலே வந்தாலும் அசையாது பாருங்க.” கேட் தூணில் இருக்கிற இரும்புக் குழாயோடு சட்டத்தைச் சேர்த்துப் பற்ற வைத்திருந்தான். கேட் பாதிதான் திறந்தது. “சரி, அறுத்து எடு” என்றால், “நம்ம கைல வெல்டிங் மிஷின்தான் கீது சார், கட்டிங் மிஷின் பட்டறைல கீது” என்கிறான். பத்து மணிக்கு நடுவர்கள் வரவேண்டும். போய் எடுத்து வா என்று அவனைத் துரத்திவிட்டு உங்களுக்குப் போன் போட்டேன். மறுபடி போட்டேன். நீங்கள் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதோடு விட்டீர்களா? வண்டியிலிருந்து இறக்கி வைத்த சீர்த்தட்டுகள் வேறு. ஆப்பிளுக்குக் கண்ணாடித்தாள், சாக்லேட் கோபுரத்துக்குக் கண்ணாடித்தாள், தேங்காய்க்குக்கூடக் கண்ணாடித்தாள் சுற்றிய மனிதரை நான் இன்றுதான் பார்க்கிறேன். நடுவில் தெர்மகோலில் ஜிகினா ஒட்டிய கிரீடம். தூக்கி மறை என்றால் காந்திமதி மார்பில் கை வைத்துக்கொண்டு, “எங்க அண்ணன் அனுப்பின தாய்மாமன் சீருங்க. வாசல்ல வந்ததைத் திருப்பினா பொண்ணுக்கு ஆகுமா?” என்று கண் கலங்குகிறாள். எழில் குளித்து முடித்து, பருத்திப் புடவையில் வெளியே வந்து பேனரைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூட முயற்சி செய்தோம். மொட்டை மாடியிலிருந்து பெட்ஷீட்டுகளைத் தொங்கவிட்டேன். எழில் முகம் மறைந்தது, உங்கள் முகம் மறையவில்லை. கூலிங் கிளாஸும் மீசையும் மட்டும் தெரிய, தெருவே நின்று பார்த்தது. ரோஸி அக்கா ஓடி வந்து, “தம்பி, எங்க வீட்ல நீல தார்பாய் இருக்கு, தரட்டா?” என்றார். அதுவும் பிளாஸ்டிக்தான் அக்கா என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும், பிளெக்ஸை மட்டும் கிழித்துவிடலாம் என்று கத்தியோடு ஏணியில் ஏறினேன். மச்சான், நான் சொல்வதை நம்புங்கள், கத்தியை எங்கே வைத்தாலும் என் பெண்ணின் முகம். கன்னத்தில் வைத்தேன், முடியவில்லை. நெற்றியில் வைத்தேன், எடுத்துவிட்டேன். சின்ன வயதில் அவளுக்கு மாலைக்கண் வராமலிருக்கத் தினமும் கேரட் அரைத்துக் கொடுத்தேனே, அந்தக் கண் ஆளுயரத்துக்கு என்னையே பார்க்கிறது. கீழே காந்திமதி, “நல்ல நாளும் அதுவுமா குழந்தை முகத்துல கத்தி வெக்கிறீங்களே!” என்று அலறினாள். இறங்கிவிட்டேன்.

நடுவர்களின் வேன் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த டிராபிக்கைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குள் பிரிட்டோ வந்துவிடுவான் என்று வாசலிலேயே நின்றேன். வண்டிச் சத்தம் கேட்டது. வந்தது வேன்தான். வெள்ளைக்கார அம்மா ஒருவர், டெல்லிக்காரர் ஒருவர், கேமராக்காரர். பாதி திறந்த கேட்டில் மூவரும் ஒருக்களித்து நுழையப் பார்த்தார்கள். அந்த அம்மா அண்ணாந்து பேனரைப் பார்த்தார். பெட்ஷீட் சரியாக அந்த நேரத்தில் காற்றில் நழுவி விழுந்தது.

நான் பொய் சொன்னேன் மச்சான். எதிர் வீட்டுக்காரர் வைத்த பேனர் என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா பேனரில் இருந்த முகத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற எழிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் டைகரைப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் ரோஸி அக்கா, “விருந்தாளி வந்திருக்காங்க, உக்கார நாற்காலி இல்லாம என்ன பண்ணுவீங்க?” என்று நாங்கள் ஒளித்து வைத்த சிவப்பு நாற்காலிகளை அடுக்கோடு தூக்கிக்கொண்டு நேரே கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார். காந்திமதி தன் பங்குக்கு அந்த அம்மாவுக்குக் குங்குமம் வைத்து, கண்ணாடித்தாள் சுற்றிய ஆப்பிள் தட்டைக் கையில் கொடுத்தாள். வேறென்ன மிச்சம் இருக்கிறது கெடுவதற்கு?

எழில்தான் முன்னே வந்தாள். இங்கிலீஷில் பேசியதைப் பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னாள். “இது எதிர் வீட்டு பேனர் இல்ல. எங்க மாமா வெச்சது. நாற்காலியும் எங்களோடதுதான், அப்பா பயத்துல ஒளிச்சு வெச்சிட்டாரு. ஏரியில நான் பொறுக்கறது யாரோ போட்ட குப்பை, அது சுலபம். இது என் மேல பாசம் வெச்சவங்க போட்டது. எங்க மாமா மனசு நோகாம இதை எப்படி எடுக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.” இதுதான் அவள் சொன்னது. அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஏதோ குறித்துக்கொண்டார். காந்திமதி கரைத்து வைத்த பானகத்தைக் குடிக்காமலே, ஆப்பிள் தட்டோடு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் முடிவைப் போனில் சொல்வார்களாம். வேன் தெரு திரும்பிய பிறகு பிரிட்டோ கட்டிங் மிஷினோடு வந்து இறங்கி, “இப்ப அறுத்துரலாமா சார்?” என்று கேட்டான்.

எழில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. எத்தனை வருஷ உழைப்பு மச்சான், எத்தனை வெயில், ஏரிச் சேற்றில் கால் புண்ணானது எத்தனை தடவை! எல்லாம் உங்கள் வெல்டிங்கில் கருகியது. ஆகவே நான் திட்டவட்டமாகத் தெரிவித்துக்கொள்வது: வருகிற தீபாவளிக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம், நாங்களும் வரமாட்டோம். நாளைப்பின்னே எழிலுக்குக் கல்யாணம் ஆகும்போது தாய்மாமன் சீர் வேண்டாம். பந்தியில் வந்து சாப்பிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அந்த இரும்பை இன்றைக்கே அறுத்து உங்கள் பட்டறைக்கே அனுப்புகிறேன். இது காந்திமதிக்குத் தெரியாமல் எழுதுவது, தெரிந்தாலும் கவலையில்லை.

புதிதாக வாங்கும் லேத் மிஷின் நன்றாக ஓடவும், தங்கள் குடும்பம் நோய் நொடியில்லாமல் இருக்கவும், இத்தனை நடந்த பிறகும் மனதார வேண்டிக்கொள்கிறேன். தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். டைகருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
இனி தங்களோடு பேசாத,
சே. கதிரேசன்

பி.கு.: கவரை ஒட்டும்போது போன் வந்தது. எழிலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! மற்ற வீடுகளிலெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி துடைத்து வைத்திருந்தார்களாம். நம் வீட்டில்தான் உண்மையாகவே போராட்டம் நடப்பது தெரிந்தது என்று அந்த அம்மா சொன்னாராம். கதவைத் திறந்து வந்த எழில் முதலில் கேட்டது, “மாமாவுக்குச் சொல்லியாச்சா?” மேலே எழுதியவற்றை எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், ஒரு பக்கம் எழுதிய காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று அவள் கிழிக்க விடவில்லை, அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். தீபாவளிவரை காத்திருக்க வேண்டாம், ஊர் திரும்பி இதைப் படித்ததும் நேரே இங்கே வாருங்கள். பிளெக்ஸைக் கழற்றி ரோஸி அக்காவின் ஒழுகுகிற கூரைக்குக் கொடுத்துவிட்டோம். சட்டத்தை அறுக்க வேண்டாம் என்று பிரிட்டோவிடம் சொல்லிவிட்டேன். அதிலேயே இந்த முறை துணியில், பெயிண்டால் எழுதிய பேனர் வைக்கலாம், எழில் சரி என்றுவிட்டாள். இத்தோடு நான் ரிட்டயர் ஆனபோது எடுத்த போட்டோவை வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்து அப்படியே வரைகிற ஆள் கேம்ப் ரோட்டில் இருக்கிறார். படம் இல்லாதது முக்கியமில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, முக்கியம்தான் மச்சான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். டைகர் உட்கார்ந்திருந்த இடம் போதும்.