இறாத்தல் அண்ணையின் ஒரு பேணி

காலை ஐந்தே கால். ஜன்னலைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, உடுப்புக் காயப்போடும் கம்பியில் கொளுவியிருந்த ஒரு ஸ்பிரிங் தராசு. தராசில் தூளிபோல முடிந்த ஒரு பழைய சாரம். சாரத்துக்குள் ஒரு வெள்ளைக் கோழி. கோழி என்னைப் பார்த்தது. அதன் பக்கத்தில் டோர்ச் லைட்டோடு நின்றவர் பார்க்கவில்லை.

"என்ன அண்ணை, விடியமுன்னம்?"

"கதையாதையும் தம்பி. முள் ஆடுது."

பட்டினியைப் பற்றிப் பத்திரிகையில் நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் உயிரைக் காப்பாற்றுவதற்காகவே கோழிகளைப் பட்டினி போட்டு, அந்த ஓலத்தால் வெள்ளவத்தையில் வீடுகள் நெருங்கிய ஒரு ஒழுங்கை முழுவதையும் நித்திரையில்லாமல் அடித்த மனிதர் இவர் ஒருவர்தான். கடலோரம் போகும் ரயில்கூட எங்களுக்கு இரண்டாவது தொல்லைதான்.

அவரை எல்லோரும் இறாத்தல் அண்ணை என்றே அழைத்தோம். புறக்கோட்டையில் ஒரு வெங்காயக் கடையில் கணக்கர். நாடு இறாத்தலை விட்டுக் கிலோவுக்கு மாறி எவ்வளவோ காலமாகியும் அவர் மாறவில்லை. பாண், வெங்காயம், மனிதர் எல்லாமே அவருக்கு இறாத்தல்தான். புதிதாக வீட்டுக்கு வருகிறவரை மேலும் கீழும் பார்த்து, "நூற்றிநாற்பது இருப்பீர்" என்பார். அதுதான் அவருடைய வணக்கம்.

வீடு பவளம் அன்ரியினுடையது. பின்பக்க அறைகளில் நாங்கள் மூவர்: நான், அண்ணை, விசாவுக்குக் காத்திருந்து காத்திருந்து அதையே தொழிலாக்கிக்கொண்ட மோகன். யுத்த காலம். வடக்கு விலாசமுள்ள தனி ஆணுக்குக் கொழும்பில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அன்ரி கொடுத்தார். கோழி வளர்க்கவும் விட்டார். முட்டை வரும் என்று நம்பித்தான்.

நுகேகொடையில் யாரோ ஒருவன் "நல்ல முட்டைச் சாதி" என்று சொல்லி விற்ற குஞ்சுகள் அவை. ஒன்றரை மாதத்தில் அவை நடக்கவில்லை, உருண்டன. பார்த்தவர் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: இது இறைச்சிக்கு வளர்க்கிற புரொய்லர், இப்போதே சட்டிக்கு அனுப்பு. ஆனால் அண்ணை சுத்த சைவம். முட்டையைக்கூடத் தொடமாட்டார்.

"என்ர கையால வளர்த்ததைச் சட்டிக்கு அனுப்பேலாது. முட்டை போட்டா அதுகளை ஒருத்தரும் வெட்டமாட்டினம். போட வைக்கிறன், பாருங்கோ."

அதற்கு அவர் கண்ட வழிதான் பட்டினி.

"உது இறைச்சிச் சாதி, தம்பி. வயிறு நிறையத் திண்டா கொழுப்புத்தான் கட்டும். முட்டை கட்டாது. காலமை ஒரு பேணி, பின்னேரம் ஒரு பேணி. அதுக்கு மேல போட்டா, நாங்களே கத்தியைத் தீட்டுறதுக்குச் சமன்."

பேணி என்றது கைபிடி போன ஒரு தகரக் குவளை. ஆறு கோழிக்கும் சேர்த்து அதுதான். அவை ஒரு நிமிடத்தில் தின்று முடித்துவிட்டு, அடுத்த நேரம் வரும்வரை அலறின. ஆறுக்கும் கடலோர ரயில் நிலையங்களின் பெயர். தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை, எகொட உயன, பாணந்துறை. பாணந்துறைதான் ஆகப் பருத்தவள்.

இந்த முறை சரியா பிழையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவருவதற்கு ஒழுங்கை விடவுமில்லை. மோகன் சோற்றுப் பார்சலில் மிஞ்சியதைக் கூட்டுக்குள் கொட்டினான். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் இடியப்பம் எறிந்தார்கள். அன்ரியே தேங்காய்ச் சக்கை போட்டார். ஒவ்வொருவரும் தாம் மட்டுமே இரக்கமுள்ளவர் என்று நினைத்துக்கொண்டார்கள். கோழிகள் பெருத்தன. முட்டை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விசாரணை நடக்கும்.

"ரெண்டு பேணி தின்னுற கூட்டம், ஒரு கிழமையில எப்பிடி இவ்வளவு ஏறும்?" என்று கேட்டபடி பாணந்துறையின் அலகை மூக்கருகே கொண்டுபோவார். "வாய் மணக்குது. மாசிச் சம்பல்! ஆர் போட்டது?"

"அண்ணை, கோழிக்கு வாய் மணக்காது" என்றான் மோகன்.

"உமக்கு மணக்குது. அதே சம்பல்."

கடைசியில் அன்ரி பொறுமை இழந்தார். கனடாவில் இருந்த மகள் விடுமுறைக்கு வருவதாக இருந்தது. "தம்பி, பிள்ளை வாறதுக்கு முன்னம் ஒரு முட்டையாவது கண்ணில காட்டும். இல்லாட்டி வாற அண்டைக்கு ஆறும் கறி. கறியைப் பார்க்கேலாதெண்டா நீர் வேற அறை பாரும்."

அண்ணை அன்றே கோழிக் கூட்டுக்குப் பூட்டுப் போட்டார். ஆனாலும் தேங்காய்ச் சக்கை கம்பி வலைக்குள்ளால் உள்ளே போனது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு வந்தது. ஒழுங்கையின் இரு பக்கமும் பொலிஸ். ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு வெளியே வரவேண்டும். நிறுக்கிற நேரம் என்றபடியால் அண்ணை பாணந்துறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுகையில் தராசோடு வந்தார்.

"மே மொக்கத?" என்று தராசைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார் பொலிஸ்காரர். இது என்ன என்று.

"குக்குளோ கிரன்ன, சேர்" என்றார் அண்ணை. கோழி நிறுக்கத்தான், சேர்.

பொலிஸ்காரர் கோழியைப் பார்த்தார். "ஹரி மஹத்தய்" என்றார். சரியான பருமன் என்று. அண்ணையின் முகம் சுருங்கியது. அந்த இடத்திலும் அவருக்கு அது ஒரு குற்றச்சாட்டாகத்தான் பட்டது.

கோழியையும் தராசையும் கூட்டுச் சாவியையும் அண்ணை அன்ரியிடம் கொடுத்ததும், எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னலுக்குள்ளால் தலையை நீட்டி அவர் கத்தியது ஒழுங்கை முழுவதும் கேட்டது.

"அன்ரி! பின்னேரம் ஒரு பேணிதான்! பாவம் எண்டு ரெண்டாவது போட்டிடாதேங்கோ!"

பத்திரிகை அட்டை இருந்ததால் என்னை மத்தியானமே விட்டார்கள். மோகனை மாலையில். கிளிநொச்சி விலாசம் இருந்ததால் அண்ணையை விடவில்லை.

அடுத்த நாள் அன்ரி சோற்றுப் பார்சலோடு பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்தார். வாசலிலேயே ஏசத் தொடங்கினார். "சாப்பிட்டீரோ எண்டு நான் கேட்டா, அதுகள் எவ்வளவு தின்னுதுகள் எண்டு அவன் என்னைக் கேக்கிறான். விசரன்!" அதன் பிறகு அவரை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று கேட்ட இடத்தில் எல்லாம் கைவிரித்தார்கள்.

அன்ரி பேணியைக் கையில் எடுத்தார். தீனியை நிரப்பி, கத்தியின் முதுகால் மேலே மட்டமாக வழித்துவிட்டுப் போட்டார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. மோகன் பழக்கதோஷத்தில் பார்சலோடு கூட்டுப்பக்கம் போனபோது விளக்குமாற்றோடு மறித்தார்.

"டேய், அந்தாள் வந்து நிறுத்துப் பார்த்தா நீயோ பதில் சொல்லுவாய்?"

மதிலுக்கு மேலால் இடியப்பம் வருவதும் நின்றுபோனது. கோழிகள் முன்னையைவிட அதிகமாக அலறின. ஒருவரும் ஜன்னலைச் சாத்தவில்லை.

கிழமைகள் போயின. ஒருநாள் அன்ரி சமையலறைக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். உள்ளங்கையில் ஒரு மண்ணிற முட்டை. சூடு ஆறவில்லை. போட்டவள் பாணந்துறை. பிறகு தெகிவளையும் மொறட்டுவையும் தொடங்கின.

மகள் வந்த அன்று அன்ரி மீன்கறி வைத்தார். "அம்மா, கோழிக்கறி எண்டு எழுதியிருந்தீங்கள்?" என்றாள் மகள்.

"அது முட்டைக் கோழியடி. முட்டைக் கோழியை ஆரும் வெட்டுவினமே?" என்றார் அன்ரி, அந்த நியாயத்தைத் தானே கண்டுபிடித்தவர் போல.

மகள் திரும்பிப் போய்ச் சில நாட்களில் ஒரு மத்தியானம் கேற் திறந்தது. இறாத்தல் அண்ணை. போனபோது போட்டிருந்த அதே சேர்ட், இப்போது வேறு யாரோ பெரிய ஆளுடையதைப் போல அவர்மேல் தொங்கியது. நேரே பின்பக்கம் போனார். தராசைக் கேட்டார். அன்ரி அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார்.

ஆறையும் ஒவ்வொன்றாக நிறுத்தார். "பாணந்துறை இறங்கிட்டாள். இதுதான் கணக்கான நிறை" என்றார். அன்ரி முட்டைக் கூடையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாரும், உம்மட கரைச்சலை" என்றார்.

மோகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அண்ணை, நீங்களும் ஒருக்கா தராசில ஏறுங்கோவன்."

அண்ணை தராசைக் கழற்றிச் சாரத்தை மடித்தார்.

அன்று பின்னேரம் அவர் கோழிகளுக்கு இரண்டு பேணி போட்டார்.