எட்டு மாதக் கிழவர்களும் ஒரு அடுக்கு மாவும்

டெல்லி ஜனவரியில் இட்லி மாவு பொங்காது. இந்த உண்மையை மதித்து உப்புமா கிண்டியிருந்தால், எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

அப்போது நான், செல்கள் எப்படி முதுமையடைகின்றன என்று ஆராயும் ஒரு லேபில் டெக்னீஷியன். மனிதச் செல்களைக் குடுவையில் வளர்த்து, இரண்டு நாளைக்கொருமுறை ஆகாரம் மாற்றி, அவை தளர்ந்து போகும்வரை பார்த்துக்கொள்வது வேலை. (முதியோர் இல்லம்தான். பார்க்க வரும் பிள்ளைகள்தான் கிடையாது.)

ஞாயிறு காலை கரோல் பாகிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அம்மா, அசையாமல் கிடந்த மாவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க லேப்ல எப்பவும் சூடா ஒரு பொட்டி இருக்குன்னியேடி?"

"அது இன்குபேட்டர்மா. செல் வளர்க்கறது."

"மாவும் வளரணும். அவ்ளோதானே?"

நியாயமாகத்தான் பட்டது. (எம்.எஸ்ஸி. படித்தவள் நான்.) மாலையே மாவு அடுக்கைக் கொண்டுபோய் இன்குபேட்டரின் மேல் தட்டில் வைத்தேன். கீழ்த் தட்டில், எங்கள் புரொபசர் மேடம் எட்டு மாதமாகக் கிழடாக்கிய செல்கள்.

மறுநாள் காலை போனால், மேடம் இன்குபேட்டர் கதவைத் திறந்தபடி நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை! மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, குடுவைகளுக்குள்ளேயே வழிந்திருந்தது.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்கிறார்.

"ரைஸ் சாம்பிள், மேடம்."

மேடம் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "என் கிழவர்கள் எல்லாம் காலி. இது மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது!" என்று இந்தியில் அலறினார். "எல்லாத்தையும் ஆட்டோகிளேவ் பண்ணித் தூக்கிப் போடு. ஜல்தி!"

ஆட்டோகிளேவ் என்பது நம் குக்கரின் பெரியப்பா. லேப் குப்பையை நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொன்ற பிறகே எறிய வேண்டும். அழுதுகொண்டே அடுக்கோடு உள்ளே வைத்தேன். திறந்த பிறகுதான், மாவை ஆவியில் வைத்தால் என்ன ஆகும் என்பது உறைத்தது.

அடுக்கு அகலத்துக்கு, பஞ்சு போல, ஒரே இட்லி.

மேடம் கையுறை விரலால் அதை அழுத்திப் பார்த்தார். அப்புறம் போட்டோ எடுத்து, சாட்சிக்கு எனக்கும் ஒன்று அனுப்பினார்.

அம்மா போனில் கத்தினாள். "அவங்க வந்துட்டாங்கடி! மாவு எங்க?"

"இட்லியே ஆயிடுச்சும்மா."

"சமத்து! எடுத்துண்டு வா!"

"அதைச் சாப்பிடக் கூடாதும்மா."

கண் வீங்கி, இன்குபேட்டரைத் துடைத்ததில் தலையெல்லாம் மாவோடு வீட்டுக்குள் நுழைந்தேன். வந்தவர்கள் பிரெட்டும் ஜாமும் தின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையிடம் அந்தப் போட்டோவை நீட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுக்கு எவ்ளோ சட்னி அரைக்கணும்?" என்றார்.

அந்த நிமிஷமே சம்மதித்துவிட்டேன். வேலையும் தப்பித்தது, செல்களை மறுபடி கிழடாக்கும் எட்டு மாதத் தண்டனையோடு.

இன்றைக்கும் இட்லி வைத்தால் அவர் தட்டைத் தொடுவதற்கு முன் கேட்கிறார், "இது வீட்டுதா, லேபுதா?" தமிழில் சரளமாக இரண்டு வாக்கியம் பேசாத எங்கள் மகள், இந்த ஒன்றை மட்டும் உச்சரிப்பு பிசகாமல் சொல்கிறாள். விருந்தாளிகள் முன்னால்.