புது ஷூ போட்டுப் போன தேர்வு

தேர்வு என்றால் எனக்கு முதலில் வயிறு வேலைநிறுத்தம் செய்யும், அடுத்து மூளை. கால் மட்டும் நின்ற இடத்தில் உறுதியாக நிற்கும். அந்த உறுதிதான் அன்று என்னைக் கவிழ்த்தது.

தீவிர சிகிச்சை மருத்துவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. (கொடி, கோஷம் எல்லாம் கிடையாது.) பயிற்சி கொடுப்பதும், தேர்வு வைப்பதும், 'இவரை நம்பி உயிரை ஒப்படைக்கலாம்' என்று சான்று தருவதும் அதன் வேலை. தருமபுரியில் எங்கள் மருத்துவமனையில் அந்தச் சான்று பெற்றவர் யாருமில்லை. அதனால் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மூச்சுத் திணறி வருகிறவரையும் சேலத்துக்கு அனுப்பிவிடுவோம். "வழியில தாங்குமாங்க டாக்டர்?" என்று கேட்கும் உறவினரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. நான் தேறினால் இங்கேயே வைத்துப் பார்க்கலாம்.

தேர்வு எங்கள் மருத்துவமனை அரங்கிலேயே நடந்தது. "ரப்பர் செருப்போட போயி நிக்காதீங்க" என்று மனைவி கவிதா புது ஷூ வாங்கிக் கொடுத்தாள். (ஐசியூவுக்குள் எனக்கு எப்போதும் ரப்பர் செருப்புதான்.) தடித்த அடி. கீழே பாம்பு கிடந்தாலும் தெரியாது.

நோயாளி ஒரு ரப்பர் பொம்மை. அதன் உயிரை ஏற்றி இறக்கும் டேப்லெட், வெளியூரிலிருந்து வந்த மூத்த பெண் பரிசோதகரின் கையில். எனக்கு உதவியாக எங்கள் மயக்க மருந்து மருத்துவர் மணிமேகலை. நான் கேட்காமல் அவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

வெண்டிலேட்டர் அலறியது. ஆக்சிஜன் அளவு இறங்கியது. வெண்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன் குழாய் இணைத்த பையை மாட்டிக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். அளவு இன்னும் இறங்கியது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். சளியை உறிஞ்சி எடுத்தேன். மேலும் இறங்கியது. வியர்வை கண்ணில் வழிய, நுரையீரலில் ரத்தக்கட்டி என்றேன், மாரடைப்பு என்றேன், படித்த நோயையெல்லாம் சொன்னேன். மணிமேகலை கண்ணை உருட்டி உருட்டித் தரையைப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்து, "பயப்படாதீங்க மேடம், காப்பாத்திரலாம்" என்று தேற்றினேன்.

பரிசோதகர் பொறுமையிழந்தார். "டியூபைக் கையில பிடிங்க டாக்டர். பேஷண்ட்ல ஆரம்பிச்சு சுவர் வரைக்கும் போங்க."

பிடித்தபடியே குனிந்தேன். குழாய் ஒரு ஷூவுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. எந்த மடையன் என்று நிமிர்ந்தேன். ஷூவுக்கு மேலே என் பேண்ட் இருந்தது.

காலை எடுத்தேன். அதற்குள் பொம்மை இறந்துவிட்டது.

"நெஜமான ஆளா இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார் பரிசோதகர். இன்றும் சுடுகிற கேள்வி அது.

தோற்றேன். அடுத்த தேர்வு வரை ஆம்புலன்ஸ் வண்டிகள் சேலத்துக்குப் போய்க்கொண்டேதான் இருந்தன. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மறுமுறை ரப்பர் செருப்போடு போய்த் தேறினேன். இப்போது அதே சங்கம் இளம் மருத்துவர்களை என்னிடம் பயிற்சிக்கு அனுப்புகிறது.

மணிமேகலை அன்றே கவிதாவுக்குப் போன் போட்டுவிட்டார். அதிலிருந்து வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும், கேஸ் எரியாவிட்டாலும், "மொதல்ல உங்க காலத் தூக்குங்க" என்கிறாள் கவிதா.

ஐசியூவிலும் அதே கதைதான். போன வாரம் பொம்மிடிக்காரர் ஒருவருக்கு அலாரம் அடித்தது. பயிற்சி மருத்துவர்கள் உட்பட எல்லோரும் முதலில் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டேன். பிறகு குழாயைத் தொட்டுக்கொண்டே போய்க் கோளாறைக் கண்டுபிடித்தோம். சேலத்துக்குப் போகாமலே குணமாகி, அந்த மனிதர் தன் காலால் நடந்துபோய் பொம்மிடி பஸ் ஏறினார்.