ஒண்டியின் கீபோர்டு

வயர் நுழையவில்லை.

லேப்டாப்பின் ஓட்டை ஒரு சைஸ், மேடையில் கிடந்த புரொஜக்டர் வயரின் மூக்கு இன்னொரு சைஸ். ஒண்டி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். பின்னால் திரை கரேலென்று இருந்தது. எதிரே ஹால் நிறையக் கூட்டம்.

"சார், என்கிட்ட கனெக்டர் இருக்கு. தரட்டுமா?" முதல் வரிசையில் ஒரு கண்ணாடிக்காரி எழுந்தாள்.

"வேண்டாம். நானே பாத்துக்குவேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஆபீசில் அவனுக்கு ஒண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் புரோகிராம் எழுதும்போது பக்கத்தில் யாரும் மூச்சுவிடக்கூடாது. தலையெழுத்து, அவனுக்கு மேனேஜராக வாய்த்தவர் மனைவியின் அண்ணன். அவர் போன வாரம் ஒரு சட்டம் போட்டார்: இனி ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ஒருவர் அடிக்க வேண்டும், இன்னொருவர் பக்கத்திலிருந்து திருத்த வேண்டும்.

"என் கீபோர்டுல இன்னொரு விரல் பட்டா நான் ராஜினாமா, மச்சான்."

"மாப்ளே, உலகமே இப்ப இப்படித்தான் எழுதுது."

"எழுதட்டும். நான் மாநாட்டு மேடையில ஏறி, தன்னந்தனியா ஒரு புரோகிராம் எழுதி ஓட வச்சுக் காட்டறேன். காட்டிட்டா?"

"உன்னை உன் போக்குல விட்டுடறேன். முடியலைன்னா திங்கக்கிழமையிலேருந்து உன் பக்கத்து நாற்காலி என்னோடது."

மச்சான் யோசிக்கும்போது சீழ்க்கை அடிப்பார். எப்போதும் ஒரே மெட்டு, அதுவும் பாதி. அந்த நாற்காலியை நினைத்தாலே ஒண்டி காதைப் பொத்திக்கொள்வான்.

இன்று யார் உதவியும் வேண்டாமென்றுதான், காலை மாநாட்டு வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண், "ஹாலைக் காட்டறேன் சார்" என்று எழுந்தபோதுகூட, "எனக்குத் தெரியும்" என்று விறுவிறுவென நடந்து மேடையேறிவிட்டான்.

லேப்டாப்பை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. அணைத்துப் போட்டான். அது நிதானமாக அப்டேட் ஆக ஆரம்பித்தது.

வேறு வழியில்லை. வயரை மேடையில் இருந்த ஹால் கம்ப்யூட்டரில் செருகி, முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். சட்டையில் மாட்டிவிட்டிருந்த மைக்கில் முழங்கினான்.

"சேர்ந்து எழுதறது பயந்தாங்கொள்ளிங்க வேலை! பக்கத்துல இருக்கறவன் பேச்சைக் கேட்டா நம்ம மூளை துருப்பிடிச்சிடும்!"

ஹால் அதிரச் சிரித்தது. கைதட்டல் வேறு. அடேயப்பா, நமக்கு இவ்வளவு ஆதரவா! விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்ததில் முதல் வரிசைக்குப் பின்னால் ஒரு முகமும் தெரியவில்லை. மச்சான் அந்த இருட்டுக்குள் எங்கோ நெளிந்துகொண்டிருப்பார் என்று நினைத்ததே இனித்தது.

எழுதினான். வருகிறவர்களுக்கு நாற்காலி ஒதுக்கும் சின்ன புரோகிராம்தான். ஓடவிட்டான்.

"சார், எல்லாருக்கும் ஒரே நாற்காலி வந்திருக்கு" என்றாள் கண்ணாடிக்காரி. "மடி மேல மடியா உக்காரணுமா?"

"பொறுங்க!"

ஒரு வரியைத் திருத்தினான். இப்போது யாருக்குமே நாற்காலி இல்லை. இன்னொரு வரியைத் திருத்தினான். கம்ப்யூட்டரே ஆடாமல் அசையாமல் நின்றது.

"கொடுத்த நாற்காலியைக் கணக்குலேருந்து கழிக்கலை சார்."

"அது எனக்குத் தெரியும்!"

தெரியாது.

அப்போது எங்கிருந்தோ ஒரு மணி அடித்தது. கண்ணாடிக்காரி சாவகாசமாக மேடையேறி, அவனைத் தோளால் நகர்த்திவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய்! எழுந்திரும்மா! இது என் கீபோர்டு!"

"அய்யோ, அப்படியே எங்க ஆபீஸ் ஆளு மாதிரியே பேசறீங்க சார்!" என்று விழுந்து விழுந்து சிரித்தபடி தட்டினாள். அவன் கீபோர்டைப் பிடித்து இழுத்தான். ஹாலில் விசில் பறந்தது.

மறுபடி மணி. அவள் இறங்க, தாடிக்காரர் ஒருவர் ஏறி உட்கார்ந்தார்.

"அந்த வரியைத் தொடாதீங்க! தொடாதீங்கன்னா... சரி, தொட்டது தொட்டுட்டீங்க, கீழேயும் மாத்துங்க. அங்க இல்லைய்யா, அதுக்கும் கீழே!"

மணி அடிக்க அடிக்க ஆள் மாறியது. ஒண்டி கத்தினான், தலையில் அடித்துக்கொண்டான், ஒருவர் காதருகே குனிந்து வழி சொன்னான், இன்னொருவர் சொன்னதற்கு "அட, ஆமா!" என்று வாய்விட்டுச் சொல்லி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். கடைசியில் ஓடவிட்டபோது ஆளுக்கொரு நாற்காலி அழகாக வந்து விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒண்டி நெஞ்சை நிமிர்த்தினான். விரல்தான் அவர்களுடையது. மூளை யாருடையது? ஆகவே ஜெயித்தது அவன்தான். மச்சான் இனி வாயைத் திறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்!

மேடையை விட்டு இறங்கியதும் அவன் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிய மைக்செட்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"'சேர்ந்து எழுதுவது எப்படி' வகுப்புக்கு வாத்தியார் இன்னும் வரலையேன்னு பதறிட்டிருந்தோம், வகுப்புல ஆள் மாத்தற மணியை நான் அடிக்க அடிக்க, நீங்க முரண்டு பிடிக்கிற ஆளாவே நடிச்சுப் பாடத்தை முடிச்சிட்டீங்க சார்! எதிர் ஹால்லதான் பாவம், தனியாளா எழுதிக் காட்டறேன்னு சவால் விட்டவன் வரவே இல்லையாம். அவனோட மச்சானைப் பிடிச்சு மேடையேத்திட்டாங்க, மனுஷன் சீழ்க்கை அடிச்சுக்கிட்டே ஒத்தை ஆளா எழுதி முடிச்சிட்டாரு!"