நற்பெயர்ப் பிரிவு அனுமதித்த புகைப்படம்

பட்டான்செரு பக்கம் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் போன வருடம் ‘நற்பெயர்ப் பராமரிப்புப் பிரிவு’ என்று ஒன்றைத் திறந்தார்கள். கேன்டீன் கூரை ஒழுகுவதைப் பராமரிக்க ஆள் கிடையாது. பெயரைப் பராமரிக்க ஏசி அறையும் அதிகாரியும் வந்தாயிற்று. ஊழியர்கள் ஃபேஸ்புக்கில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவதும், அதன்படி பதவி உயர்வு தருவதும் பிரிவின் மேலான நோக்கம் என்று சுற்றறிக்கை சொன்னது.

இதில் முதலில் மாட்டிக்கொண்டவர் உதவி மேலாளர் தியோடர். ரிடையர் ஆவதற்குள் மேலாளராகிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஆனால் ஃபேஸ்புக்கில் அவர் இல்லவே இல்லை.

“அக்கவுண்டே இல்லையா? அப்ப எதை மறைக்கிறீங்க?” என்று கேட்டார் அதிகாரி சீதாராமன்.

“மறைக்க எதுவும் இல்ல சார்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. உடனே திறங்க.”

படம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. கோட்டும் டையும் கட்டாயம். தனியாக நிற்க வேண்டும். சிரிப்பு தவறாகப் பொருள் கொள்ளப்பட வாய்ப்புள்ளதால் தவிர்க்கப்பட வேண்டும். சொந்தக் கருத்து கூடவே கூடாது. தியோடர் அத்தனையையும் பக்தியோடு பின்பற்றினார். சுற்றிலும் வெள்ளை லில்லிப்பூ வைத்து, கீழே பெயரும் பிறந்த தேதியும் போட்டு, கருத்துக்குப் பதிலாக மூலையில் ஒரு சிலுவையும் வைத்தார். சீதாராமன் பார்த்துவிட்டு, “கண்ணியம்னா இதுதான்” என்று அனுமதி கொடுத்தார்.

தியோடருடைய ஃபேஸ்புக் நண்பர்கள் எல்லாரும் செகந்திராபாத் தமிழ் சர்ச் சபைக்காரர்கள். அங்கே பிறந்தநாள் என்றால் கேக்கோடு படம் வரும், கல்யாண நாள் என்றால் மனைவியோடு வரும். கோட் போட்டு, தனியாக, சிரிக்காமல், லில்லிப்பூவுக்கு நடுவே ஒருவர் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேற்கொண்டு யாரும் எதையும் படிப்பதில்லை. தியோடர் விஷயத்திலும் படிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் இரங்கல் குவிந்துவிட்டது. சுருதி சேரவில்லை என்று அவரைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தியவர்கள், ‘அந்தக் குரல் இனி பரலோகத்தில் ஒலிக்கும்’ என்று எழுதினார்கள். காம்பவுண்டுச் சுவர்த் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த பெரியப்பா மகன் ஜோசியா, ‘கோபம் என்றால் என்னவென்றே அறியாதவன்’ என்று எழுதிவிட்டு மலர் வளையத்தோடு வீட்டுக்கே வந்தார். கதவைத் திறந்தது தியோடர்.

“நீ உயிரோடயா இருக்கே?”

“ஹவ், ஆமாண்ணே.”

“கைக்குடா, ஏன்டா? அப்ப நான் எழுதினது?”

“அது அப்படியே இருக்கட்டும்ணே.”

“நக்கோ! அதெல்லாம் வேணாம். செத்தவனுக்காக எழுதினது அது. உயிரோட இருக்கிறவனுக்கு எவன் எழுதுவான்?” அங்கேயே நின்று போனை எடுத்து அழித்தார். மலர் வளையத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் தியோடர் அலறியடித்துக்கொண்டு ஓடியபோது சீதாராமன் எழுந்து நின்று கை கொடுத்தார். “இவ்வளவு பேர் எழுதியிருக்காங்க, ஒருத்தர்கூட குறை சொல்லல. பிரமாதம்!”

“நான் உயிரோட இருக்கேனே சார். அதைச் சொல்லிட வேண்டாமா?”

“சொன்னா எல்லாரும் அழிச்சிடுவாங்க, மதிப்பெண் போயிடும். நீங்க உயிரோட இருக்கிறதையெல்லாம் பார்க்க வேற டிபார்ட்மென்ட் இருக்கு. நாங்க பேரை மட்டும்தான் பார்ப்போம். வெள்ளிக்கிழமை கமிட்டி முடியிறவரைக்கும் வேலைக்கு வந்து போறதைத் தவிர வெளியில தலை காட்டாதீங்க.”

ஆக, நிறுவன நலன் கருதி தியோடர் இறந்திருந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்தார்கள். மனைவி மெட்டில்டா வாசலில் நின்று வாங்கிக்கொண்டார். “அழச் சொன்னா அழுதுடுவேன். ஆனா நீங்க ரூமுக்குள்ள குறட்டை விட்டா நான் என்னன்னு சொல்றது?” என்றார். கம்பெனி பஸ்ஸில் தியோடருக்குப் பக்கத்து சீட்காரர் ஸ்டோர்ஸ் தண்டபாணி. அவர் மட்டும்தான் முகத்துக்கு நேராகக் கேட்டார்: “ஒரு நாற்காலிக்காகப் பொண்டாட்டியை விதவையாக்கிட்டீரே, வெட்கமா இல்லையாய்யா?” தியோடர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தியோடர் மேலாளரானார். அடுத்த மாதமே தொழிற்சாலை முழுக்கக் கோட்டும் டையும் லில்லிப்பூவுமாக மாறிவிட்டது. நானும் வைத்தேன், ஒரு கிரேடு ஏறினேன். எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் சபைக்காரர்களுக்கும் விஷயம் பழகிப்போய், அப்படி ஒரு படம் வந்தால் ‘வாழ்த்துகள்’ என்று எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

தண்டபாணி மட்டும் கடைசிவரை அப்படிப் படம் வைக்கவில்லை. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மகன் வீட்டில் தேடி, கோட் போட்ட படம் ஒன்றைக் கண்டுபிடித்து, வெள்ளைப்பூ வைத்து அப்பாவின் ஃபேஸ்புக்கிலேயே போட்டான். வாழ்த்துகள் குவிந்தன. பையன் எல்லாருக்கும் போன் செய்து பார்த்தான். அலுவலக நேரத்தில் நாங்கள் யாரும் போனை எடுப்பதில்லை, மதிப்பெண் குறையும். பாடை தூக்க ஆள் போதாமல் ஆட்டோ ஸ்டாண்டில் நின்றவர்களைக் கெஞ்சிக் கூட்டிப் போனானாம்.

அவர் இறந்தது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. தியோடர் சீதாராமனிடம் ஓடினார். தான் எழுதியதை அழிக்க வேண்டும் என்றார்.

“போட்ட கமெண்ட்டை அழிச்சா நிலையற்ற குணம்னு பத்து மதிப்பெண் குறையும்,” என்றார் சீதாராமன். “துணைப் பொது மேலாளர் லிஸ்ட்ல வேற இருக்கீங்க.”

தியோடர் போனைப் பைக்குள் போட்டார். பிறகு தன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். இறந்துபோன தண்டபாணியின் படத்துக்குக் கீழே இன்றைக்கும் அது இருக்கிறது: ‘கடைசியில் நீங்களும் வழிக்கு வந்துவிட்டீர்கள்! ட்ரீட் எப்போது?’ அதற்கு முதலில் லைக் போட்டது நான்தான்.